கொலிமா ஆற்றங்கரையில் புல்வெளியை மீட்கும் முயற்சி: பிளைஸ்டோசீன் பூங்கா குறித்த நிகழ்வு ஆய்வு

கிழக்கு சைபீரியாவின் கொலிமா ஆறு கடலை நெருங்கும் தாழ்நிலத்தில், ஏறத்தாழ 69 டிகிரி வட அகலாங்கில், செர்ஸ்கி என்னும் சிற்றூர் இருக்கிறது. இது ரஷ்யாவின் சகா குடியரசைச் சேர்ந்தது. யாகுட்டியா என்பது அதன் பழகிய பெயர். இங்கே காற்று வெப்பநிலையின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ −11 டிகிரி செல்சியஸ். குளிர்காலத்தில் −40க்குக் கீழே இறங்குவது வழக்கம். கோடையின் சில நாள்களில் 30 டிகிரியைத் தொடுவதும் உண்டு. ஊரைச் சுற்றிலும் மெலிந்த லார்ச் மரக்காடு, குட்டை வில்லோ புதர்கள், பாசி மூடிய சதுப்பு, எண்ணற்ற சிறு ஏரிகள். பெரிய விலங்குகள் கூட்டமாக மேய்வதற்கு இது ஏற்ற இடம் என்று பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் தோன்றாது. இங்கேதான் 1996 முதல் ஒரு குடும்பம் குதிரைகளையும் துருவமான்களையும் கஸ்தூரி எருதுகளையும் பைசன்களையும் கொண்டுவந்து விட்டு, 10,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன ஒரு புல்வெளியை மீண்டும் எழுப்ப முயன்று வருகிறது.

பனியுகக் காலத்தின் பெயரால் பிளைஸ்டோசீன் பூங்கா என்று அழைக்கப்படும் இந்த முயற்சியில் இதுவரை எது நிறுவப்பட்டது, எது நிறுவப்படவில்லை என்பதைப் பிரித்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண்ணை, அதாவது உறைநிலத்தை, மேயும் விலங்குகள் குளிர்காலத்தில் குளிர்விக்கின்றன என்பது அளந்து காட்டப்பட்ட உண்மை. விலங்கும் புல்லும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு மனிதரின் கை இல்லாமலே நிலைபெறுமா என்ற கேள்வி வேறு. அது 20 சதுர கிலோமீட்டர் வேலிக்குள் விடை காணக்கூடிய கேள்வி அன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பூங்காவைப் புகழ்வோரும் மறுப்போரும் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

மண்

கொலிமாவின் கரையோரத்தில் துவான்னி யார் என்றொரு செங்குத்து மண்சுவர் இருக்கிறது. ஆறு அதன் அடியை அரித்துக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு கோடையிலும் புதிய முகம் வெளிப்படுகிறது. சாம்பல் நிற வண்டல், அதனூடே மேலிருந்து கீழாக ஆப்பு அடித்தாற்போல் இறங்கும் பெரும் பனிக்கட்டிப் பாளங்கள், வண்டலுக்குள் மெல்லிய புல்வேர்கள், அடிவாரத்து மணலில் குதிரை, பைசன், துருவமான், பனியுகத்து மயிரடர்ந்த யானையான மாமூத் ஆகியவற்றின் எலும்புகள். உருகி வழியும் சேற்றிலிருந்து குதிரை லாயத்தின் வாடை வீசுவதாக அங்கே போய்வந்தவர்கள் சொல்கிறார்கள்.

இந்த வகை மண்ணுக்கு ரஷ்ய வழக்கில் யெதோமா என்று பெயர். பனியுகத்தில் காற்று கொண்டுவந்து படியவைத்த தூசிமண்ணில் புல் முளைத்தது. அதன் மேல் மேலும் தூசி படிந்தது. அடியில் இருந்த வேர்கள் மட்குவதற்குள் உறைநிலம் மேலேறி அவற்றைப் பூட்டிக்கொண்டது. இப்படிப் பல்லாயிரம் ஆண்டுகளில் பத்துக்கணக்கான மீட்டர் உயரத்துக்கு மண் வளர்ந்தது. அதன் கன அளவில் பாதிக்கும் மேல் பனிக்கட்டியாக இருக்கும் இடங்கள் பல. அந்த மண் உருகினால் நிலமே அமிழ்ந்து குழியாகும். குழியில் நீர் தேங்கி ஏரியாகும். ஏரியின் அடியில் காற்றில்லாச் சூழலில் நுண்ணுயிர்கள் பழைய வேர்களைத் தின்று மீத்தேனை வெளிவிடும். செர்ஸ்கி வட்டாரத்து ஏரிகளிலிருந்து குமிழ்குமிழாக எழும் இந்த மீத்தேனை அளந்து, அதுவரை கருதப்பட்டதைவிட அது மிகுதி என்று காட்டிய ஆய்வு 2006இல் வெளியானது.

உலகின் உறைநிலப் பகுதிகளில் அடங்கியிருக்கும் கரிமக் கார்பன் ஏறத்தாழ 1,460 முதல் 1,600 பில்லியன் டன் என மதிப்பிடப்படுகிறது. வளிமண்டலத்தில் இப்போது உள்ள கார்பனைப் போல் இது ஏறக்குறைய இரு மடங்கு. யெதோமாவில் மட்டும் 500 பில்லியன் டன் இருக்கலாம் என 2006இல் கூறப்பட்டது. பனிப்பாளங்கள் எடுத்துக்கொள்ளும் இடத்தையும், ஏற்கெனவே உருகிப்போன பரப்பையும் கவனமாகக் கழித்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு மதிப்பீடு அதை 211 பில்லியன் டன்னாகக் குறைத்தது. அதிலும் ஐயவெளி பெரிது. எண் குறைந்ததால் கவலை குறைந்துவிடவில்லை. ஆனால் இத்துறையில் ஓர் எண்ணைக் கேட்டவுடன் அது எந்த ஆண்டின் எண் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கருதுகோள்

செர்கேய் சீமொவ் புவி இயற்பியலாளர். 1970களின் பிற்பகுதியில் செர்ஸ்கிக்கு வந்து, அங்கே வடகிழக்கு அறிவியல் நிலையத்தைக் கட்டி எழுப்பியவர். துவான்னி யார் போன்ற கரைகளில் கிடைத்த எலும்புகளை எண்ணி, அவை படிந்த காலத்தைக் கணக்கிட்டு, பனியுகத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரு மாமூத், 5 பைசன், 8 குதிரை, 15 துருவமான் என்ற அளவில் விலங்குகள் வாழ்ந்திருக்க வேண்டும் என்று அவரும் உடன் ஆய்ந்தவர்களும் மதிப்பிட்டனர். எடையில் சொன்னால் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டன் விலங்கு. இன்று அதே நிலத்தில் அதன் ஒரு சிறு பகுதிகூட இல்லை. ஸ்பெயின் முதல் கனடா வரை பரவியிருந்த அந்தப் புல்வெளிக்கு மாமூத் ஸ்டெப்பி என்ற பெயரை அலாஸ்காவின் விலங்கியலாளர் டேல் கத்ரி முன்பே வழங்கியிருந்தார்.

அந்தப் புல்வெளி ஏன் மறைந்தது? ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன் தட்பவெப்பம் மாறி, வெப்பமும் ஈரமும் கூடின. புல்லுக்குப் பதில் பாசியும் புதரும் வந்தன. உணவில்லாமல் விலங்குகள் அழிந்தன என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் விடை. 1995இல் வெளியான கட்டுரையில் சீமொவும் அவரோடு ஆய்ந்தவர்களும் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டனர். வேட்டையாடும் மனிதர் வந்தனர், விலங்குகள் குறைந்தன, விலங்குகள் குறைந்ததால் புல்வெளி சிதைந்து பாசி நிலமாயிற்று. இந்த வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. மண்ணில் எஞ்சிய பழைய மரபணுத் துணுக்குகளை ஆராய்ந்தோர் பலர் தட்பவெப்பத்தின் பக்கமே சாய்கிறார்கள். ஆனால் பூங்காவின் நியாயம் இந்த வழக்கின் தீர்ப்பை முழுக்க நம்பியிருக்கவில்லை. முன்பு விலங்குகள் எதனால் அழிந்திருந்தாலும், இன்று விலங்குகள் வந்தால் இந்த மண்ணில் புல் வருமா என்பது தனியே சோதித்துப் பார்க்கக்கூடியது.

அதன் உள்ளோட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பாசிக்கு வேரில்லை, அது மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி ஆவியாக்குவதில்லை. அதனால் பாசி மூடிய நிலம் நனைந்தே கிடக்கிறது, குளிர்ந்தே கிடக்கிறது. விழுந்த இலையும் தண்டும் மட்காமல் அமிலம் ஊறிக் கிடக்கின்றன. தழைச்சத்தும் மணிச்சத்தும் அவற்றுக்குள் பூட்டப்பட்டுவிடுகின்றன. புல்லின் இயல்பு வேறு. அது ஆழமாக வேர்விட்டு நீரை மேலேற்றி நிலத்தை உலர்த்தும். அதன் வளர்முனை அடியில் இருப்பதால் மேய்ந்தாலும் மீண்டும் தழைக்கும். மேய ஆளில்லாவிட்டால்தான் அதற்குக் கேடு: குளிர்நிலத்தில் காய்ந்த புல் மட்குவதில்லை, நின்றவாறே கிடந்து அடுத்த ஆண்டுத் தளிருக்கு நிழலாகிறது, சில ஆண்டுகளில் பாசி உள்ளே நுழைகிறது. வெப்பமண்டலத்தில் கறையானும் பூஞ்சையும் மழையும் செய்யும் வேலையை இங்கே விலங்கின் குடல்தான் செய்தாக வேண்டும். −40 டிகிரியிலும் வெப்பமாக இருக்கும் ஒரே இடம் அதுதான். உள்ளே போன காய்ந்த புல் ஓரிரு நாளில் சாணமாக வெளிவந்து, சத்து மீண்டும் வேருக்குக் கிடைக்கிறது. வயலில் ஆட்டுக்கிடை போட்டுப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டிய தேவை அதிகமில்லை.

இதன் மேல் வருகிறது குளிர்காலத்தின் கணக்கு. பனி குளிர்ச்சியானது என்பதால் அது நிலத்தைக் குளிர்விக்கும் என்று நினைக்கத் தோன்றும், நடப்பது நேர்மாறு. புதிதாக விழுந்த பனியின் இடைவெளிகளில் காற்று அடைபட்டிருப்பதால் அது கம்பளிப் போர்வையைப் போல வேலை செய்கிறது. மேலே காற்று −40 டிகிரியில் இருக்க, கோடையில் மண்ணில் ஏறிய வெப்பம் அரை மீட்டர் பனிக்கு அடியில் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. குதிரையும் துருவமானும் புல்லைத் தேடிக் குளம்பால் பனியைத் தோண்டும்போது இந்தப் போர்வை கிழிகிறது. தோண்டாத இடத்திலும் மிதிபட்டு இறுகி, காற்றிடைவெளி போய், வெப்பத்தை எளிதில் கடத்துகிறது. இப்படிப் பனிக்கு அடியில் மேய்வதை அந்நாட்டுக் குதிரை வளர்ப்போர் தெபெனெவ்கா என்கிறார்கள். அவர்களுக்கு அது தீவனச் செலவில்லாமல் குதிரை வளர்க்கும் முறை. உறைநிலத்துக்கு அதுவே மருந்தாகலாம் என்பதுதான் சீமொவின் எண்ணத்தின் மையம்.

விலங்குகள் வந்த கதை

பூங்கா 1996இல் தொடங்கியதாகச் சொல்லப்பட்டாலும், 1988இலேயே யாகுட் குதிரைகளைக் கொண்டுவந்து முதல் சோதனை நடந்தது. இந்தக் குதிரையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். குட்டையான கால், அடர்ந்த மயிர், தடித்த கொழுப்பு, −50 டிகிரியில் திறந்தவெளியில் நிற்கும் உடல். பார்ப்பவர்கள் இதைப் பனியுகக் குதிரையின் நேர் வாரிசு என்றே எண்ணுவர். 2015இல் வெளியான மரபணு ஆய்வு அப்படி இல்லை என்று காட்டியது. அந்நிலத்தின் பழைய குதிரை இனம் அழிந்துவிட்டது. இன்றுள்ளவை சில நூற்றாண்டுகளுக்கு முன் தெற்கிலிருந்து குடியேறிய சகா மக்களோடு வந்தவற்றின் வழியில் பிறந்தவை. ஏறத்தாழ 800 ஆண்டுக்குள்ளாகவே இந்தக் குளிருக்கு அவை தகவமைந்துவிட்டன. பூங்காவின் முயற்சிக்கு இது தடையன்று, ஊக்கம் தரும் செய்தி: வேறிடத்து விலங்கு இந்த நிலத்தைத் தன் இடமாக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

அறிவியல் காப்பிடமாக ஒதுக்கப்பட்ட பரப்பு 144 சதுர கிலோமீட்டர். அதில் வேலியிட்டது ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர். மூஸ் மான்கள் அந்த வட்டாரத்துக்கே உரியவை. குதிரைகளும் துருவமான்களும் வேர்கொண்டன. மற்றவை அவ்வளவு எளிதாக வரவில்லை. 2010இல் செர்கேயின் மகன் நிகிதா சீமொவ் படகில் ராங்கல் தீவுக்குச் சென்று 6 கஸ்தூரி எருதுகளைக் கொண்டுவந்தார்; ஆறும் ஆண்கள். பெண் இல்லாத மந்தை பெருக வழியில்லை. அந்தத் தீவில் கஸ்தூரி எருது இருந்ததே 1970களில் அலாஸ்காவிலிருந்து கொண்டுவரப்பட்டதால்தான். அலாஸ்காவுக்கோ அது 1930களில் கிரீன்லாந்திலிருந்து வந்தது. ஆர்க்டிக்கில் இன்று காட்டு விலங்கு என்று நாம் பார்க்கும் ஒன்றின் பின்னால் இப்படி இரண்டு மூன்று கப்பல் பயணங்கள் இருக்கின்றன.

2011இல் மாஸ்கோவுக்குத் தெற்கே உள்ள காப்பகத்திலிருந்து ஐரோப்பிய பைசன்கள் வந்தன. காட்டு இலைதழை உண்டு பழகிய அவை இந்தக் குளிர்காலத்தை எதிர்கொள்ள முடியாமல் பெரும்பாலும் மடிந்தன. 2017இல் யாக்குகளும் செம்மறிகளும், அடுத்த ஆண்டு கல்மிக்கிய மாடுகளும் வந்து சேர்ந்தன. 2019இல் டென்மார்க்கின் பண்ணை ஒன்றிலிருந்து 12 இளம் அமெரிக்கப் பைசன்கள் லாரியிலும் படகிலுமாக ஒரு மாதத்துக்கு மேல் பயணம் செய்து வந்தன. 2021இல் இரட்டைத்திமில் ஒட்டகங்கள் வந்தன. ஒட்டகம் என்றதும் வியப்பாக இருக்கலாம். ஆனால் ஒட்டகக் குடும்பத்தின் பழைய எலும்புகள் கனடாவின் ஆர்க்டிக் தீவுகளிலேயே கிடைத்திருக்கின்றன.

இத்தனை பெயர்களையும் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு விலங்கும் வேறொன்றைத் தின்கிறது. குதிரை காய்ந்த உரப்பான புல்லைத் தின்னும். மூஸ் வில்லோவை ஒடிக்கும். ஆடு புதரைக் கடிக்கும். யாக் மேட்டுநிலத்துப் புல்லைத் தேடும். ஒரே வகை விலங்கை மட்டும் வைத்தால் அது விரும்புவது தீர்ந்துபோகும், விரும்பாதது மண்டிவிடும். ஆனால் இந்த வேலைப்பங்கீட்டில் ஒரு பெரிய இடம் காலியாகவே இருக்கிறது. மரத்தை வேரோடு சாய்க்க இங்கு யாருமில்லை. அந்த வேலையைச் சீமொவ் பழைய ராணுவச் சங்கிலிச்சக்கர வண்டியால் செய்தார். அதை ஓட்டிக்கொண்டு போய் லார்ச் மரங்களைத் தள்ளிச் சாய்த்த இடங்களில் ஒளி இறங்கி, மேய்ச்சலும் சேர்ந்ததும் புல் முளைத்தது.

மரம் சாய்க்க மாமூத்தையே மீண்டும் உருவாக்கிவிடலாம் என்று பேசுவோரும் உண்டு. 2021இல் அமெரிக்காவில் இதற்கென்றே கொலோசல் என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. மரபியலாளர் ஜார்ஜ் சர்ச் அதன் நிறுவனர்களில் ஒருவர். உயிரோடுள்ள விலங்குகளில் மாமூத்துக்கு மிக நெருங்கிய உறவு ஆப்பிரிக்க யானை அன்று, நம் முதுமலையிலும் வால்பாறையிலும் நடமாடும் ஆசிய யானைதான். அதன் மரபணுவில் குளிர்தாங்கும் மாற்றங்களைச் செய்வதே அவர்களின் திட்டம். யானையின் சூல்காலம் 22 மாதம். ஒரு பெண்யானை முதல் கன்று ஈன 10 ஆண்டுக்கு மேலாகும். உறைநிலம் காத்திருக்கும் கால அளவோடு இது பொருந்துவதாக எனக்குப் படவில்லை. பூங்காவைப் பற்றிய பேச்சு மாமூத்தை நோக்கித் திரும்பும்போதெல்லாம், குதிரைகளின் குளம்புகள் உண்மையில் செய்துகொண்டிருக்கும் வேலை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. இது எனக்கு வருத்தம் தருவது.

அளவீடுகள் சொல்வது

2017–18 குளிர்காலத்தில் செர்ஸ்கி வட்டாரத்தில் வழக்கத்தைவிட மிகுதியாகப் பனி விழுந்தது. கோடையில் உருகி, குளிர்காலத்தில் முழுவதும் இறுகிவிட வேண்டிய மேல்மண், அந்த ஆண்டு சில இடங்களில் குளிர்காலம் முடிந்தும் உள்ளே ஈரமாகவே இருந்ததைச் சீமொவ்கள் துளையிட்டுக் கண்டனர். பனிப்போர்வை தடிக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு அது கண்ணெதிரே கிடைத்த காட்சி.

2020இல் ஆய்வாளர் கிறிஸ்டியன் பேரும் சீமொவ்களும் பிறரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இதை அளவுக்குள் கொண்டுவந்தது. பூங்காவில் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 100 விலங்கு என்ற அடர்த்தியில் மேய்ந்த இடங்களில் பனியின் தடிப்பு பாதியாகக் குறைந்திருந்தது. இதை உறைநிலத்தின் கணினி மாதிரி ஒன்றில் சேர்த்து, பசுங்குடில் வாயு வெளியீடு கட்டுப்படுத்தப்படாமல் போகும் நிலையில் 2100இல் என்ன ஆகும் என்று கணித்தனர். விலங்குகள் இல்லாவிட்டால் உறைநிலத்தின் வெப்பநிலை 3.8 டிகிரி உயர்ந்து, மேலடுக்கு உறைநிலத்தில் பாதி உருகும். அந்த அடர்த்தியில் விலங்குகள் இருந்தால் உயர்வு 2.1 டிகிரியோடு நிற்கும். 80 விழுக்காடு உறைந்தே இருக்கும். இந்தக் கணக்கில் எதிர்ப்பக்கத்து வரவும் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. பாசி கோடையில் நிலத்தை வெயிலிலிருந்து காக்கும் போர்வை. விலங்குகள் அதை மிதித்து அழித்தால் கோடையில் வெப்பம் கூடுதலாக உள்ளே இறங்கும். ஆனால் குளிர்காலம் நீளமானது, அதன் குளிர் கடுமையானது. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்க்கும்போது குளிர்காலத்து வெப்ப இழப்பே மேலோங்குகிறது.

2022இல் வெளியான முன்னோட்ட ஆய்வொன்று மண்ணையே தோண்டிப் பார்த்தது. மிகுதியாக மேயப்பட்ட இடங்களில் கோடையில் உருகும் ஆழம் குறைவாகவும், மேல்மண்ணில் கார்பன் கூடுதலாகவும் இருந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் எடுக்கப்பட்ட மண் மாதிரிகள் சில மட்டுமே. ஆய்வாளர்களே அதை முன்னோட்டம் என்றுதான் அழைத்தனர். இதில் எனக்கு உள்ள தயக்கம் இன்னும் அடிப்படையானது. விலங்கு எங்கே அதிகம் மேய்கிறது என்பதை விலங்குதான் தீர்மானிக்கிறது. நல்ல மண்ணும் நல்ல புல்லும் முன்பே இருந்த இடத்துக்குத்தான் அது போகும். அப்படியானால் மேய்ந்த இடத்துக்கும் மேயாத இடத்துக்கும் உள்ள வேறுபாட்டில் எவ்வளவு மேய்ச்சலால் வந்தது, எவ்வளவு முன்பே இருந்தது? வேலி போடுவதற்கு முன் ஒவ்வொரு மண் வகையிலும் அளந்து வைத்த பதிவும், வேலிக்குள்ளேயே விலங்கு புக முடியாமல் அடைத்துவைத்த சிறு கட்டங்களும் ஏராளமாக இருந்தால்தான் இதைப் பிரித்தறிய முடியும். பூங்கா ஒரு சோதனைக்களமாகத் திட்டமிடப்பட்டதைவிட ஒரு குடும்பத்தின் உழைப்பாக வளர்ந்தது. அதன் வலிமையும் அதுதான், அளவீட்டில் உள்ள குறையும் அதுதான்.

விலங்குகளே வெளிவிடும் மீத்தேன் குறித்தும் கேட்கப்படுகிறது. அசைபோடும் பைசனும் துருவமானும் மீத்தேன் விடும் என்பது உண்மை. குதிரை அசைபோடாத விலங்காதலால் அதன் பங்கு குறைவு. நனைந்த சதுப்பு உலர்ந்து புல்வெளியாகும்போது அங்கே மண்ணிலிருந்து எழுந்த மீத்தேன் குறையும் என்பதையும் அதே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வேலிக்கு வெளியே கிடைக்கும் சான்று

நல்வாய்ப்பாக, மேய்ச்சல் தூந்திராவை என்ன செய்யும் என்பதற்குச் செர்ஸ்கியை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. வடக்கு நார்வேயில் சாமி என்னும் பழங்குடி மக்களின் துருவமான் மந்தைகளைப் பிரிக்க மலைமேட்டில் போடப்பட்ட நீண்ட வேலிகள் இருக்கின்றன. மந்தை அழுத்தமாக மேய்ந்து மிதித்துக் கடந்த பக்கத்தில் பாசியும் குறும்புதரும் போய்ப் புல் பரவியதையும், சத்துச் சுழற்சி விரைவானதையும் ஸ்வீடனின் யோஹன் ஓலோஃப்சனும் உடனாய்வாளர்களும் பதிவு செய்துள்ளனர். புதர் குறைந்த பக்கம் கோடையில் சூரிய ஒளியைக் கூடுதலாகத் திருப்பி அனுப்புகிறது என்பதும் அங்கே அளக்கப்பட்டது. ஒரே மலை, ஒரே மழை, நடுவே ஒரு வேலி. காரணத்தைத் தனித்துக் காட்ட இதைவிடத் தெளிவான அமைப்பு கிடைப்பது அரிது.

யாகுட்டியாவின் நடுப்பகுதியிலேயே இன்னொரு சான்று உண்டு. உறைநிலம் உருகி அமிழ்ந்த வட்ட வடிவப் பள்ளங்கள் அங்கே புல்வெளிகளாக இருக்கின்றன. அவற்றைச் சகா மக்கள் அலாஸ் என்கிறார்கள். அவர்களின் மாடும் குதிரையும் நூற்றாண்டுகளாக மேய்ந்த நிலம் அது. கனடாவின் எல்க் ஐலண்ட் தேசியப் பூங்காவிலிருந்து 2006 முதல் மூன்று தவணையாகக் கொண்டுவரப்பட்ட காட்டுப் பைசன்களும் நடு யாகுட்டியாவில் குட்டி ஈன்று பெருகியுள்ளன. வடக்கே தைமிர் தீபகற்பத்தில் 1974–75இல் விடப்பட்ட சில பத்துக் கஸ்தூரி எருதுகள் இன்று ஆயிரக்கணக்கில் உள்ளன.

எதிர்ச்சான்றையும் மறைக்கக் கூடாது. பெரிங் கடலின் செயின்ட் மாத்யூ தீவில் 1944இல் 29 துருவமான்கள் விடப்பட்டன. ஓநாய் இல்லாத அந்தத் தீவில் 1963க்குள் அவை 6,000 ஆகப் பெருகி, குளிர்கால உணவான, தரையில் படரும் லைக்கனை அடியோடு தின்று தீர்த்தன. ஒரு கடுங்குளிர்காலம் வந்தது. 1966இல் எண்ணியபோது 42 மட்டுமே மிஞ்சியிருந்தன. லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்வது. புல்லைப் போல மேய மேயத் தழைப்பதன்று. ஒரே வகை விலங்கு, ஒரே வகை உணவு, வேட்டையாட யாருமில்லை என்ற மூன்றும் சேர்ந்தால் விளைவது இதுதான். பூங்கா பல இனங்களை ஒன்றாக வைக்க விரும்புவதற்கும், ஓநாயையும் கரடியையும் பகையாகக் கருதாமல் அமைப்பின் பகுதியாகக் கருதுவதற்கும் பின்னால் இந்தப் பாடமும் இருக்கிறது.

அடர்த்தியும் பரப்பும்

இனி, முதலில் பிரித்து வைத்த இரண்டாம் கேள்விக்கு வருவோம். 2020ஆம் ஆண்டுக் கணிப்பு சதுர கிலோமீட்டருக்கு 100 விலங்கு என்ற அடர்த்தியை வைத்தது. உறைநிலம் கிடக்கும் பரப்பில் ஒரு கோடி சதுர கிலோமீட்டரில் அதைச் செய்ய நினைத்தால் 100 கோடி விலங்கு வேண்டும். சீமொவ் எலும்புகளிலிருந்து எண்ணிய பனியுக அடர்த்தியோ சதுர கிலோமீட்டருக்கு 30க்கும் குறைவு. அவற்றில் ஒன்று மாமூத், சில பைசன். ஆகவே தலைக்குத் தலை ஒப்பிடுவது சரியன்று. இருந்தாலும், மாதிரியில் வைத்த அடர்த்தி அந்த நிலம் தன் புல்லால் தாங்கியதாக அவரே கருதுவதைவிட எண்ணிக்கையில் மூன்று மடங்குக்கு மேல். 20 சதுர கிலோமீட்டருக்குள் இத்தகைய அடர்த்தியைக் காட்ட முடிவது, விலங்குகள் சில இடங்களில் கூடி நிற்பதாலும், கடுங்குளிரில் மனிதர் தீவனம் கொடுத்துத் தாங்குவதாலும்தான். தீவனம் வெளியிலிருந்து வரும்வரை, சத்துச் சுழற்சி நிலத்துக்குள்ளேயே நிறைவடைகிறது என்று சொல்ல இயலாது. இது பூங்காவின் மேல் வைக்கும் குற்றமன்று. வெற்று நிலத்தில் மந்தையை ஊன்ற வேண்டுமானால் முதல் ஆண்டுகளில் கைகொடுத்துத்தான் ஆக வேண்டும். எந்த ஆண்டில் கையை எடுக்கலாம் என்பதைத்தான் இன்னும் யாரும் காட்டவில்லை.

இதை அடுத்த அளவுக்குக் கொண்டுபோகும் திட்டம் ஏட்டில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மார்க் மாசியாஸ்-ஃபௌரியாவும் நிகிதா சீமொவும் பிறரும் 2020இல் எழுதிய கட்டுரையில், குதிரையும் பைசனுமாக ஆயிரம் விலங்கு கொண்ட மூன்று மந்தைகளைப் பத்தாண்டுக் காலத்தில் நிறுவ 114 மில்லியன் டாலர் ஆகும் என்று கணக்கிட்டனர். ஆயிரம் விலங்கு கொண்ட மந்தை, ஒரு தலைமுறை இழப்பைத் தாங்கும். ஓநாய்க்குச் சில போனாலும் நிற்கும். ஓர் இடத்தை மேய்ந்து, விட்டு, திரும்பி வரப் போதுமான நிலத்தில் நடமாடும். நான் மேலே சொன்ன ஐயங்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை தரக்கூடிய மிகச் சிறிய அளவு அதுவாகத்தான் இருக்கும். அந்தக் கணக்கில் மேய்ப்பருக்கும் இடமிருக்க வேண்டும் என்பேன். கீழ்க்கொலிமாவில் சுக்சிகளும் எவென்களும் யுகாகிர்களும் தலைமுறைகளாகத் துருவமான் மேய்த்தவர்கள். சோவியத் அமைப்பு குலைந்த 1990களில் கிழக்கே உள்ள சுக்கோத்காவிலும் அண்டை வட்டாரங்களிலும் மந்தைகள் பெருமளவு சுருங்கின. மந்தையோடு மேய்க்கும் அறிவும் சுருங்கியது. எந்த மேட்டில் பனி மெலிதாக விழும், மழைக்குப் பின் உறைந்து புல்லைப் பூட்டும் பனிக்கட்டி எங்கே கட்டும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்தான். பூங்காவைப் பற்றிய அறிவியல் கட்டுரைகளில் அவர்களின் குரல் மிகக் குறைவாகவே கேட்கிறது.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீதான போர் தொடங்கியபின் ரஷ்ய ஆர்க்டிக் நிலையங்களோடு மேற்கு நாட்டு ஆய்வு நிறுவனங்கள் வைத்திருந்த கூட்டுழைப்பு பெரும்பாலும் நின்றுபோயிற்று. செர்ஸ்கியில் மண்ணைத் தோண்டி அளந்தவர்களில் பலர் ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். இத்தகைய நிலத்தில் ஓர் அளவீட்டுத் தொடர் ஓராண்டு அறுந்தாலும் அந்த ஆண்டின் பனி, அந்த ஆண்டின் உருகல் பதிவின்றிப் போய்விடும். பின்னர் அதை மீட்க வழியில்லை. வேலிக்குள் மந்தைகள் அதே பனியைத் தோண்டிக்கொண்டிருக்கின்றன. கொலிமாவும் கோடைதோறும் துவான்னி யாரின் அடியை அரித்து, 30,000 ஆண்டுக்கு முந்தைய புல்வேரை வெளியே இழுத்துப் போடுகிறது.